பெருக்கலுக்கு 20 மில்லிசெகண்ட் எடுத்த கணினி எப்படி ஆலையை ஓட்டியது?

கேள்வி இதுதான்: "1960 வாக்கிலேயே அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கணினி ஓட்டியதாகப் படித்தேன். அன்றைய கணினிக்கு இன்று சில்லறைக் கடையில் விற்கும் கால்குலேட்டர் அளவுக்குக்கூட வசதி இருந்திருக்காது. எப்படி முடிந்தது? உள்ளே என்னதான் இருந்தது?"

அந்தக் கணினியைவிட ஆலை மெதுவானது, அதனால் முடிந்தது. உலையில் எரிவாயுவைக் கொஞ்சம் கூட்டினால் வெப்பநிலை ஏறுவது தெரியவே பல நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் எவ்வளவு மந்தமான கணினியும் ஆயிரக்கணக்கான கணக்குப் போட்டுவிடும். கணக்குப் போடுவது எந்தக் காலத்திலும் இந்தத் தொழிலில் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. பாடாய்ப் படுத்தியவை வேறு இரண்டு. ஆலையிலிருந்து வரும் ஒயரில் உள்ள அளவை ஒழுங்காக உள்ளே வாங்குவது ஒன்று. கணினி நடுவில் செத்துப்போனால் ஆலை என்னவாகும் என்பது இன்னொன்று. ஆரம்பகால ஹார்டுவேரில் கணிசமான பகுதி இந்த இரண்டுக்காகத்தான் செய்யப்பட்டது. கணினி வரலாறு எழுதுகிறவர்கள் நினைவகம், வேகம் என்று பேசிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் காலம் தள்ளியவன், எனக்கு அந்த ஒயர் பக்கம்தான் கண் போகும்.

கணினி வருவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அன்றைய ஆலைகள் ஓடியது காற்றில். அழுத்தம், ஓட்டம், மட்டம் எதுவானாலும் 3 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரையிலான காற்றழுத்தமாக மாற்றி, மெல்லிய செப்புக் குழாயில் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பேனலில் ஒவ்வொரு லூப்புக்கும், அதாவது ஓர் அளவைப் பார்த்து ஒரு வால்வைத் திருத்தும் ஒவ்வொரு சுற்றுக்கும், ஒரு கன்ட்ரோலர் இருக்கும். ஊசித்துளை அளவு நாசில், அதன் வாயை மறைத்தும் விலக்கியும் ஆடும் ஒரு தகடு, காற்றழுத்தத்தில் விரிந்து சுருங்கும் இரண்டு மூன்று பெல்லோஸ், அவ்வளவுதான் உள்ளே. அதிலிருந்து கிளம்பும் காற்று வால்வைத் தள்ளும். பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் 3 பிஎஸ்ஐயில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. குழாய் உடைந்து காற்று போய்விட்டால் அளவு பூஜ்யத்துக்கு இறங்கும், உடனே கோளாறு என்று தெரிந்துவிடும். பிறகு வந்த 4 முதல் 20 மில்லிஆம்ப் மின்னோட்டக் கணக்கும் இதே யோசனைதான். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நல்ல குணம், ஒரு கன்ட்ரோலர் கெட்டால் ஒரு லூப்தான் போகும், மற்றவை தம்பாட்டுக்கு ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணினி வந்ததும் முதலில் பறிபோனது இந்தக் குணம்தான்.

சரி, டெக்சாஸுக்குப் போவோம். போர்ட் ஆர்தர் என்ற ஊரில் டெக்ஸகோ நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. சைமன் ராமோ, டீன் வூல்ட்ரிட்ஜ் என்ற இருவர் 1953இல் தொடங்கிய நிறுவனம் அமெரிக்க விமானப் படையின் ஏவுகணைத் திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. பின்னால் தாம்சன் நிறுவனத்தோடு சேர்ந்து டிஆர்டபிள்யூ ஆனது இதுதான். அவர்களுக்கு ஆலைக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கணினி செய்து விற்கலாம் என்று யோசனை. 1956இல் டெக்ஸகோ பொறியாளர்களோடு உட்கார்ந்து, எந்தப் பிரிவில் கணினி வைத்தால் பலன் தெரியும் என்று ஆராய்ந்து, சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிதாக்கும் பாலிமரைசேஷன் யூனிட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் சுமார் 30 மனித ஆண்டு உழைப்பு. 1959 மார்ச் 12 அன்று ஆர்டபிள்யூ-300 என்ற கணினி அந்த யூனிட்டின் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 26 ஓட்டங்கள், 72 வெப்பநிலைகள், 3 அழுத்தங்கள், 3 வேதிக்கலவை அளவுகள், இவ்வளவும் அதன் கணக்கில். ரியாக்டர் அழுத்தத்தைக் குறைவாக வைப்பது, 5 ரியாக்டர்களுக்கு மூலப்பொருளை எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானிப்பது, வேதிவினையைத் தூண்டும் கேட்டலிஸ்ட் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்த்து வெந்நீரைக் கூட்டிக் குறைப்பது, இவைதான் அதன் முக்கியமான வேலைகள்.

இதைத்தான் முதல் ஆலைக் கணினி என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். லூசியானாவின் ஸ்டெர்லிங்டன் மின் நிலையத்தில் டேஸ்ட்ராம் கணினி 1958லேயே வந்துவிட்டதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஸ்டெர்லிங்டனில் கணினி அளவுகளைப் பார்த்துக் குறித்து வைத்தது, எச்சரித்தது. போர்ட் ஆர்தரில் கணினியே முடிவெடுத்து ஆலையை மாற்றியது. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் கட்டுப்பாடு என்பேன்.

இந்தத் தலைமுறைக் கணினிகளின் வேகத்தைப் பாருங்கள். ஒரு கூட்டலுக்கு சுமார் 1 மில்லிசெகண்ட், ஒரு பெருக்கலுக்கு சுமார் 20 மில்லிசெகண்ட். அதாவது நொடிக்கு 50 பெருக்கல்தான். டிரான்சிஸ்டர் வந்துவிட்ட பிறகும் ஏன் இவ்வளவு மந்தம் என்றால், நினைவகம் காந்த டிரம். மேல் முழுக்கக் காந்தப் பூச்சு பூசிய ஓர் உருளை, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் வரிசையாகப் படிக்கும் தலைகள். வேண்டிய எண் தலைக்குக் கீழே வரும்வரை கணினி சும்மா காத்திருக்க வேண்டியதுதான். நிமிடத்துக்கு 3600 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு கட்டளையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த கட்டளை தலையைக் கடந்து போய்விட்டால், அது மறுபடி வருவதற்கு ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும்.

இதற்கு நிரல் எழுதியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கட்டளைகளை அடுத்தடுத்து எழுதாமல், ஒன்றை நிறைவேற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்து, அந்த நேரத்தில் டிரம் எவ்வளவு தூரம் திரும்பியிருக்குமோ அந்த இடத்தில் அடுத்த கட்டளையை வைப்பார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் பஸ் நிற்கிற இடத்தைப் பார்க்காமல், அது வந்துசேரப் போகிற இடத்தைப் பார்த்து ஓடுகிறானே, அதே கணக்கு. நன்றாக அடுக்கப்பட்ட நிரலும் ஏனோதானோவென்று அடுக்கப்பட்ட நிரலும் ஓடும் நேரத்தில் பல மடங்கு வித்தியாசப்படும். கட்டம் போட்ட தாளில் டிரம்மின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த இடம் காலி என்று பென்சிலால் அடித்து அடித்து எழுதுவார்கள். இவ்வளவு பாட்டுக்குப் பதில், எதுவும் சுற்றாமல் குட்டிக் காந்த வளையங்களில் எண்ணை வைக்கும் ஃபெரைட் வளைய நினைவகம் போட்டிருக்கலாமே என்றால், விலை. அப்போது அது தங்கம் மாதிரி.

இந்தக் கணினிகளின் மையப் பகுதி சராசரியாக 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும். இரண்டு முதல் நான்கு நாளுக்கு ஒரு தடவை! அப்படிப்பட்ட இயந்திரத்தை நம்பி வால்வை ஒப்படைக்க எந்த மேனேஜருக்கும் துணிவு வராது. அதனால் போர்ட் ஆர்தரிலும், அதையடுத்து லூசியானாவின் லூலிங்கில் மான்சான்டோவின் அமோனியா ஆலையிலும், பழைய கன்ட்ரோலர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கணினி செய்தது கன்ட்ரோலர்களின் செட்பாயின்டை மாற்றுவது மட்டும். 210 டிகிரியில் வை என்று இருந்ததை 212இல் வை என்று ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றி முள்ளை நகர்த்தும். முன்பு ஷிப்ட் பொறியாளர் கையால் செய்ததைக் கணினி செய்தது, அவ்வளவே. கணினி விழுந்துவிட்டாலும் கடைசியாக வைத்த செட்பாயின்டில் ஆலை தன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டருக்குச் சில சமயம் அது விழுந்ததே தெரியாது. கணினியை வாங்கியும் பழைய சாமான் ஒன்றையும் மிச்சப்படுத்த முடியாத ஏற்பாடு இது. இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும்.

இனி ஒயருக்கு வருகிறேன். இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீளும்.

சூட்டை அளக்க இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்வது தெர்மோகப்பிள். குரோமெல்-அலுமெல் தெர்மோகப்பிள் 400 டிகிரி செல்சியஸில் கொடுக்கும் மின்னழுத்தம் சுமார் 16.4 மில்லிவோல்ட். ஒரு டிகிரி மாறினால் சுமார் 40 மைக்ரோவோல்ட் மாறும். அந்த ஒயர் உலையிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு இருநூறு முந்நூறு மீட்டர் வருகிறது, வழியில் பம்ப் மோட்டார்களின் கேபிள்கள் பக்கத்திலேயே. அந்தக் கேபிள்களிலிருந்து மின் இரைச்சல் ஏறிக்கொள்ளும். அதோடு, தெர்மோகப்பிளின் முனை குழாயில் பற்றவைக்கப்பட்டிருந்தால் அங்கே ஒரு பூமி (எர்த் இணைப்பு), கணினி இருக்கிற இடத்தில் இன்னொரு பூமி. இரண்டுக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். நாம் தேடுவது மைக்ரோவோல்ட், அதைச் சுமந்து வருவது வோல்ட். சந்தைக் கூச்சலில் கிசுகிசுப்பதைக் கேட்கிற கதை. இப்படி நூறு ஒயர்கள் வருகின்றன, அளவை எண்ணாக மாற்றும் கருவியோ விலை கூடியது, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். நூறையும் முறைவைத்து அந்த ஒன்றோடு சேர்த்துச் சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

இதற்குக் கண்ட வழி மிக அழகானது. ஒவ்வொரு ஒயர் ஜோடிக்கும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கபாசிட்டர், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே. சாதாரண நேரத்தில் கபாசிட்டர் தெர்மோகப்பிளோடு இணைந்து, அதன் மின்னழுத்தத்துக்கு நிரம்பியிருக்கும். முறை வந்ததும் ரிலே முதலில் அந்த இணைப்பை விலக்கிவிட்டு, அப்புறம்தான் கபாசிட்டரை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும். ஒரு கணம்கூட ஆலையும் கணினியும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாது. கிணற்றில் வாளியால் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றுகிற மாதிரி. கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில் குழாய் கிடையாது. ஆலைப் பக்கத்து பூமி எத்தனை வோல்ட் ஆடினாலும் வாளியில் வருவது தெர்மோகப்பிளின் மில்லிவோல்ட் மட்டும்தான். கபாசிட்டர் நிரம்பக் கொஞ்சம் நேரம் எடுப்பதால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெருமளவு அடங்கிவிடும். மாற்றும் கருவி ஒரு முழு மின்சுழற்சி நேரத்துக்குச் சராசரி எடுக்கிற வகையாக இருந்தால், மீதி இரைச்சலும் ஏறினது இறங்கினது சரியாகிப் போய்விடும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் அந்த நேரம் 20 மில்லிசெகண்ட்.

அந்த ரிலே என்ன ரகம் என்பதும் முக்கியம். ஒரு புள்ளியை நொடிக்கு ஒருமுறை படித்தால், அந்த ரிலே வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம் தடவை அடிக்கிறது. வீட்டு சுவிட்ச் ரகமெல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும். அதனால் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த ரீட் ரிலே, அல்லது முனைகள் பாதரசத்தில் நனைந்தபடி இருக்கும் ரிலே போடுவார்கள். பாதரசம் நனைத்த முனை ஒவ்வொரு தடவையும் புது முனை, தேய்மானம் கிடையாது, தொட்டதும் துள்ளவும் துள்ளாது. ஒரே நிபந்தனை, நிமிர்ந்தே இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ரிலேக்கள் வரிசையாகப் பொருத்திய பழைய ஸ்கேனர் கார்டு ஒன்றைச் சோதிக்கச் சொன்னார்கள். மேஜைமேல் படுக்கவைத்து மீட்டர் வைத்துப் பார்த்து, எல்லா சேனலும் ஷார்ட், கார்டு தேறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்த டெக்னீஷியன் ஒருவர் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கார்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு தட்டு தட்டி, "இப்பப் பாருங்க தம்பி" என்றார். ஒரு சேனலும் ஷார்ட் இல்லை. படுத்திருந்த குழாய்களில் பாதரசம் ஓடி முனைகளை இணைத்திருக்கிறது. அந்தத் தாளை அவர் கிழித்துப் போட்டாரா, பத்திரமாக வைத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆம்ப்ளிஃபையருக்கு அப்புறம் அளவை எண்ணாக்க வேண்டும். தராசும் படிக்கல்லும் போலத்தான். முழு அளவில் பாதியை வைத்துப் பார், பொருள் கனமாக இருந்தால் கல் இருக்கட்டும், இல்லையென்றால் எடு. அடுத்து கால், அடுத்து அரைக்கால். ஒவ்வொரு நிறுவைக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பிட் விடை. இப்படி 12 தடவை நிறுத்தால் 4096 படி கிடைக்கும். 50 மில்லிவோல்ட்டை 4096 படியாக வெட்டினால் ஒரு படி சுமார் 12 மைக்ரோவோல்ட், தெர்மோகப்பிள் கணக்கில் 0.3 டிகிரி. தெர்மோகப்பிளே அதைவிட அதிகம் தப்புச் சொல்லும், ஆகவே 12 பிட் தாராளம். 12 பிட் கணினி என்றால் இன்று சிரிப்பு வரலாம், ஆலைக்கு அந்த அகலம் பொருத்தமான அளவுதான். இன்னொரு சங்கதி: தெர்மோகப்பிள் சொல்வது இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை. கன்ட்ரோல் ரூமில் ஒயர் முடிகிற டெர்மினல் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தனியே அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். டெர்மினல் பெட்டியின் கதவை யாராவது திறந்துவைத்து ஏசி காற்று உள்ளே அடித்தால், உலை ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதே உலை சூடு மாறியதாகக் கணினி நினைக்கும்.

இந்த வாசல் வேலையெல்லாம் ஒருவழியாகப் படிந்ததும், அடுத்த துணிச்சல் இங்கிலாந்தில் நடந்தது. லங்காஷயரில் ஃப்ளீட்வுட் என்ற ஊரில் ஐசிஐ நிறுவனத்தின் சோடா சாம்பல் ஆலை. 1962இல் அங்கே ஃபெராண்டி நிறுவனத்தின் ஆர்கஸ் 200 கணினியை வைத்து, கன்ட்ரோலர்களையே எடுத்துவிட்டார்கள். 224 அளவுகளைக் கணினி படித்தது, 129 வால்வுகளை நேரடியாகத் தானே நகர்த்தியது. பேனலில் வரிசையாக நின்ற கருவிகளின் வேலையை ஒரே இயந்திரம் முறைவைத்துச் செய்தது. நேரடி டிஜிட்டல் கட்டுப்பாடு என்று இதற்குப் பெயர் வந்தது. ஏன் செய்தார்கள் என்றால், லூப்புகள் கூடக் கூட கன்ட்ரோலர் செலவு அதே விகிதத்தில் கூடும், கணினிக்கோ இன்னும் ஒரு கார்டு சேர்த்தால் போதும். ஏதோ ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் கணினி மலிவு என்பது கணக்கு. அதே 1962இல் டெக்சாஸில் சாக்லெட் பேயூ என்ற இடத்தில் மான்சான்டோவும் எத்திலீன் ஆலை ஒன்றில் இதே வழியில் இறங்கியிருந்தது.

ஆர்கஸ் பிறந்தது ஏவுகணை வேலையில். பிளட்ஹவுண்ட் என்ற பிரிட்டிஷ் வான்காப்பு ஏவுகணைக்காக மாரிஸ் கிரிபிள் வடிவமைத்த இயந்திரத்தின் வாரிசு அது. அதன் நிரல் நினைவகத்தை நான் மிகவும் ரசிப்பேன். துளைகள் நிறைந்த தட்டுகள், அவற்றில் குட்டிக் குட்டி ஃபெரைட் முளைகள். முளை செருகியிருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். நிரல் எழுதுவது என்றால் உட்கார்ந்து முளை செருகுவது. பல்லாங்குழியில் சோழி போடுகிற பொறுமை வேண்டும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் ஆலைக்கு இதைவிட நல்ல நினைவகம் அன்று கிடையாது. மின்சாரம் போனாலும் நிரல் போகாது. பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகி இரைச்சல் கிளம்பினாலும் ஒரு பிட்டும் மாறாது. நிரலில் பிழை இருந்து கணினி குழம்பினாலும் தன் நிரலைத் தானே அழித்துக்கொள்ள முடியாது. ஒரு திருத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒருவர் எழுந்து போய்க் கையால் முளையைப் பிடுங்க வேண்டும். இரவு ஷிப்டில் யாராவது அவசரப்பட்டு நிரலை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் பாதி குறைந்திருக்கும்.

ஆனால் பழைய நல்ல குணம் போய்விட்டதே? ஒரு கணினி நின்றால் 129 வால்வும் அநாதை. 1962 வாக்கில் வந்த கணினிகள் சராசரியாக 1000 மணி நேரம் தாங்கின, அதாவது ஆறு வாரம். முன்னேற்றம்தான், ஆனால் வருஷத்துக்கு எட்டு ஒன்பது தடவை ஆலை தடுமாறுவதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சில சாமர்த்தியங்கள் வந்தன. முதலாவது, கணக்குப் போடும் முறை. வால்வு 43 சதவீதம் திறந்திருக்க வேண்டும் என்று கணினி சொல்லாது. இப்போது இருப்பதிலிருந்து அரை சதவீதம் திற என்று மட்டும் சொல்லும். வால்வின் பக்கத்தில் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரோ, கடைசி நிலையைப் பிடித்து வைத்திருக்கும் வேறு ஏற்பாடோ இருக்கும். கணினி செத்தால் புதுச் சொல் எதுவும் வராது, வால்வு இருந்த இடத்தில் நிற்கும். திடீரென்று மூடிக்கொள்வதோ முழுக்கத் திறப்பதோ நடக்காது. ஆபரேட்டர் ஓடிவந்து கையில் எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, வாட்ச்டாக் டைமர். காவல்நாய் என்றுதான் பெயர். ஆனால் குரைப்பது இல்லை, தூங்காமல் இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. கணினி ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதற்கு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். சொன்ன நேரத்தில் துடிப்பு வராவிட்டால் டைமரின் ரிலே விழுந்து, எல்லா லூப்பும் மேன்யுவலுக்குப் போய், ஹாரன் அடிக்கும். இதைக் கணினிக்குள் வைக்காமல் தனிப் பலகையில், தனி மின்சாரத்தில் வைப்பார்கள். மூன்றாவது, முக்கியமான சில லூப்புகளுக்கு மட்டும் பழைய கன்ட்ரோலரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது. உண்மையைச் சொன்னால் நிறைய இடங்களில் இந்தச் "சில" என்பது வளர்ந்து வளர்ந்து, கன்ட்ரோலர் செலவு மிச்சம் என்ற கணக்கே அடிபட்டுப் போனது.

நினைவகத்தில் ஃபெரைட் வளையங்கள் மலிவானதும் டிரம்கள் மறைந்தன. நூல் கோத்த மணி மாதிரி ஒயர்களில் கோக்கப்பட்ட குட்டி வளையங்கள், ஒன்றுக்கு ஒரு பிட். மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. ஆனால் ஒரு வளையத்தைப் படித்தால் அதில் இருந்தது அழிந்துவிடும், படித்த கையோடு திரும்ப எழுத வேண்டும். படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் மின்சாரம் போனால் அந்த எண் காலி. அதனால் ஆலைக் கணினிகளின் மின்வழங்கியில், மின்சாரம் குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சுற்று இருக்கும். பெரிய கபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சில மில்லிசெகண்ட் மின்சாரத்தில் கணினி கையிலிருந்த எண்களை வளையங்களில் எழுதிவிட்டுக் கண்ணை மூடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில இடங்களில் கனமான சக்கரம் பொருத்திய மோட்டார்-ஜெனரேட்டர் ஒன்றையே நடுவில் வைத்து, அது சுழலும் வேகத்தில் சின்னச் சின்னத் தடைகளைத் தாண்டுவார்கள்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினிக்கு ஏசி போட்டது சூட்டுக்காக மட்டும் இல்லை. சுத்திகரிப்பு ஆலைக் காற்றில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாவது இருக்கும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். கார்டு செருகும் முனைகள் கறுத்தால் இணைப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு அது. முனைகளுக்குத் தங்க முலாம், அறைக்குள் சுத்தக் காற்றைச் செலுத்தி வெளியைவிட அழுத்தம் கூடுதலாக வைப்பது, இரட்டைக் கதவு, இவையெல்லாம் அதனால் வந்தவை.

1964இல் ஐபிஎம் 1800 அறிவிக்கப்பட்டபோது இந்தத் தொழிலுக்கென்றே நினைத்துச் செய்த இயந்திரம் என்று சொல்லும்படி இருந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் 16 பிட் தகவல், அதோடு தவறு கண்டுபிடிக்க ஒரு பிட், அந்த இடத்தில் எழுதக்கூடாது என்று பூட்ட ஒரு பிட். ஒரு பக்கம் ஆலை ஓடும்போதே இன்னொரு பக்கம் பொறியாளர் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் எதையாவது எழுதிச் சோதிக்கலாம். அவர் தப்பு செய்தாலும் ஆலை நிரலின்மேல் கை வைக்க முடியாது. குறுக்கீட்டு வசதியும் அதில் பல அடுக்காக இருந்தது. முன்பு கணினி ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றிவந்து பார்க்கும், அவசரமான ஒன்று நடந்தாலும் அதன் முறை வரும்வரை தெரியாது. குறுக்கீடு வந்தபின் அலாரம் கணினியின் தோளைத் தட்டி இப்போதே பார் என்று சொல்ல முடிந்தது. ஓட்டத்தை நொடிக்கு ஒருமுறை, அழுத்தத்தை 5 நொடிக்கு ஒருமுறை, வெப்பநிலையை 20 நொடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற வழக்கமும் அந்தக் காலத்தில் படிந்ததுதான்.

மினிகணினிகளும் ஆலைப் பக்கத்துச் சொந்தம்தான். கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வகத்தில் ஓர் உலையின் அளவுகளைச் சேகரித்துப் பெரிய கணினிக்குக் கொடுக்க ஒரு முன்கருவி கேட்டார்கள். அதற்குத் தனிக் கருவி செய்வதற்குப் பதில் ஒரு சின்ன 12 பிட் கணினியே செய்துவிடலாம் என்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கார்டன் பெல் போன்றவர்கள் முடிவெடுத்ததில் 1963இல் பிடிபி-5 வந்தது. அதன் வழியில் 1965இல் 18,000 டாலருக்கு பிடிபி-8. நம் நாட்டில் மும்பையின் டிராம்பேயில் உருவாகி 1969இல் ஹைதராபாத்தின் பொதுத்துறை நிறுவனமான ஈசிஐஎல் செய்த டிடிசி-12உம் 12 பிட் இயந்திரம். பெயரில் உள்ள முதல் டி, டிராம்பேயின் டி. 1965 வாக்கில் வந்த கணினிகள் ஒரு கூட்டலுக்கு 2 மைக்ரோசெகண்டும் பெருக்கலுக்கு 7 மைக்ரோசெகண்டும் எடுத்தன, சராசரியாக 20,000 மணி நேரம் தாங்கின. இந்தக் கடைசி எண்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பேன். ஆறு வாரம் என்பது இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

கார் தொழிற்சாலைகளின் கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பிரச்சினை ரிலே பேனல்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்களைப் பிடுங்கித் திரும்ப ஒயர் போட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968இல் இதற்கு மாற்று கேட்டது. டிக் மோர்லியின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் தங்களது 84ஆவது திட்டமாக எடுத்துச் செய்ததால் மோடிகான் 084 என்று பெயர். விசிறி கிடையாது, ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ஏணிப்படி ரிலே வரைபடத்தையே நிரல் மொழியாக வைத்தார்கள். என் பார்வையில் அந்த இயந்திரம் ஜெயித்ததற்கு அதுவே முதல் காரணம். பிஎல்சி (நிரல் மாற்றக்கூடிய கன்ட்ரோலர்) என்று இன்று மூலைக்கு மூலை இருப்பது இதன் வம்சம்.

ஆலைப் பக்கம், பறிபோன பழைய குணம் 1975இல் திரும்பி வந்தது. ஹனிவெல்லின் டிடிசி 2000 (ஈசிஐஎல்லின் டிடிசியோடு சம்பந்தமில்லை), அதே வருஷம் ஜப்பானின் யோகோகாவா செய்த சென்டம். மைக்ரோபிராசசர் மலிவானதும் ஒரே பெரிய கணினியை விட்டுவிட்டுச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்துவிட்டார்கள். டிடிசி 2000இல் ஒரு பெட்டிக்கு 8 லூப். பெட்டி கெட்டால் அந்த எட்டோடு போகும். எல்லாப் பெட்டிகளையும் ஒரு கேபிள் இணைக்கும், ஆபரேட்டர் ஒரு திரைமுன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். காற்றுக் கன்ட்ரோலர் பேனலுக்குத் திரும்பிப் போனது போலத்தான், பெல்லோஸ் இருந்த இடத்தில் இப்போது சிலிக்கான்.

இந்தப் பழைய இயந்திரங்கள் எல்லாம் இப்போது எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எல்லாம் போகவில்லை. பிடிபி-8ஐச் செய்த அதே நிறுவனத்தின் பிடிபி-11 வந்தது 1970இல். 2013இல் கனடாவின் அணுமின் நிலைய வேலைக்காக, பிடிபி-11 அசெம்பிளி மொழி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு வேலை அறிவிப்பு வந்தது. 2050 வரை அந்த இயந்திரங்களை வைத்திருக்கப் போவதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள்.